ரசீதில் ‘நல்’, கணக்கில் பூஜ்யம்: வெற்று மதிப்புப் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பினாங்கில் தைப்பூசத்துக்கு அன்னதானப் பந்தல் போடும் ஒரு குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைக் கணக்கு நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாறியிருக்கிறது. குழுவில் புரோகிராம் தெரிந்த ஒரு தம்பியோ தங்கச்சியோ எழுதிக் கொடுத்த சின்ன மென்பொருள்தான். பெயர், ஐசி (மலேசிய அடையாள அட்டை) நம்பர், கைப்பேசி, அஞ்சல் குறியீடு, நன்கொடை வகை, வந்த பணம், ரசீது தேதி என்று ஏழு கட்டங்கள். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்தப் பதிவேட்டைச் சுற்றியே இருக்கும்.

இந்த ஏழில் எது வேண்டுமானாலும் காலியாக வரலாம். ஏன் காலி என்பதற்குக் காரணம் மட்டும் ஒன்றல்ல. அரிசி மூட்டை கொடுத்தவருக்குப் பணம் என்ற கட்டமே பொருந்தாது. ‘தருகிறேன், தொகையை அப்புறம் சொல்கிறேன்’ என்றவருக்குத் தொகை இருக்கிறது, நமக்குத்தான் இன்னும் தெரியாது. மேசையில் உட்கார்ந்தவர் அவசரத்தில் எழுதாமல் விட்டதும் உண்டு. இந்த மூன்றையும் ஒரே வெற்றுக்குள் போட்டு மூடியதும், பக்கத்திலேயே பூஜ்யத்தையும் காலி ஸ்ட்ரிங்கையும் (எழுத்துத் தொடர்) அதே அர்த்தத்தில் பயன்படுத்தியதும்தான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிழை தெரியும் இடத்தில் ஒட்டுப் போட்டால் அடுத்த வாரம் இன்னோர் இடத்தில் அதே பிழை கிளம்பும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

கட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திரையில் வெறும் இடமாகத் தெரிவது ‘நல்’ (null, மதிப்பே இல்லை என்ற குறி) மதிப்பாக இருக்கலாம், நீளம் பூஜ்யமான ஸ்ட்ரிங்காக இருக்கலாம், ஒரே ஒரு ஸ்பேஸாகவும் இருக்கலாம். சாதாரணமாக அச்சிட்டால் வித்தியாசம் தெரியாது. பைத்தானில் ‘ரெப்ர்’ வழியாக அச்சிடுங்கள்: ஸ்ட்ரிங் என்றால் மேற்கோள் குறியோடு வரும், ‘நன்’ (None, பைத்தானின் வெற்று) என்றால் குறி இல்லாமல் வரும். ஜாவாஸ்கிரிப்டில் ‘நல்’லோடு, மதிப்பு கொடுக்கப்படாததைக் குறிக்கும் ‘அன்டிஃபைன்ட்’டும் உண்டு; மதிப்போடு அதன் வகையையும் சேர்த்துப் பாருங்கள். ‘டைப்ஆஃப்’ கேட்டால் ‘நல்’லுக்கு ‘ஆப்ஜெக்ட்’ என்றே பதில் வரும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கட்டளைத் திரையில் ‘நல்’லும் காலி ஸ்ட்ரிங்கும் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் தெரியும். ‘நல்’லுக்குப் பதில் ஒரு குறியைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு பிறகு தேடுங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அது காலி ஸ்ட்ரிங்கையே ‘நல்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ரசீதில் பெயருக்குப் பக்கத்தில் ‘நல்’, ‘நன்’ அல்லது ‘அன்டிஃபைன்ட்’ என்று அச்சாகிறது

நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதற்கு நேரடிக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து ஃபார்மில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்துவிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்புறம் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அதற்குப் பின் அப்பா பெயர். இரண்டாவது பெட்டி காலியாகவே போகும். புரோகிராம் இரண்டையும் ஒட்டும்போது ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் வெற்றை ஒரு சொல்லாக மாற்றி ஒட்டிவிடும். பைத்தானில் எஃப்-ஸ்ட்ரிங் வைத்து ஒட்டினால் அப்படியே, கூட்டல் குறி வைத்தால் பிழை வந்து நின்றுவிடும். சீ ஷார்ப் ஒன்றும் ஒட்டாமல் விட்டுவிடும். போஸ்ட்கிரெஸில் இரட்டைக் கோடு `||` வைத்து ஒட்டினால் நிலைமை வேறு: ஒரு பாதி ‘நல்’ என்றால் முழுப் பெயரும் ‘நல்’ ஆகி, ரசீதில் பெயரே இருக்காது. மைசீக்யூஎல்லின் ‘கான்கேட்’டும் அப்படியே. போஸ்ட்கிரெஸின் ‘கான்கேட்’ மட்டும் ‘நல்’லைத் தாண்டிப் போய்விடும்.

தீர்வு, பெட்டியை ஒன்றாக்குவது. ஐசியில் உள்ளபடி முழுப்பெயர், கட்டாயம் நிரப்ப வேண்டியது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் ‘நல்’லுக்கு இடமே இல்லை என்று டேட்டாபேஸிலும் அறிவித்துவிடுங்கள். ரசீது அச்சிடும் இடத்தில் ‘நல்’ என்ற எழுத்துகளைத் தேடி நீக்குவது வேண்டாம். அந்த எழுத்துகளையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் உலகத்தில் உண்மையாகவே இருக்கிறார்கள்.

பெட்டியை ஒன்றாக்கிய பிறகும் சிலருக்கு மட்டும் அந்தச் சொல் அச்சானால், அது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்துவிட்டது என்று பொருள். வெற்றா என்று கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும், ஏனென்றால் அங்கே இருப்பது எழுத்துகளால் ஆன ஒரு ஸ்ட்ரிங். பழைய பதிவுகளில் அந்தச் சொல்லை முழுக் கட்டமாகத் தேடி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவரின் பெயர் ரசீதில் சரியாக வரவேண்டும். அது அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

அறிகுறி: பூஜ்யம் என்று பதிந்தது ‘பதிவு இல்லை’ என்று காட்டுகிறது

ஒருவர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இதுவரை வந்தது பூஜ்யம். இது தெரிந்த தகவல். ஆனால் திரையில் ‘பதிவு இல்லை’ என்று வருகிறது. புரோகிராமில் இந்த வரியைத் தேடுங்கள்:

`பணம் || "பதிவு இல்லை"`

ஜாவாஸ்கிரிப்டில் இந்த இரட்டைக் கோடு, இடப்பக்கம் ‘நல்’லா என்று கேட்பதில்லை. பொய் மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறது. பூஜ்யம், காலி ஸ்ட்ரிங், ‘நேன்’ (எண்ணல்ல என்ற குறி) எல்லாமே அதன் கணக்கில் பொய்தான். 2020ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த இரட்டைக் கேள்விக்குறியைப் போடுங்கள்:

`பணம் ?? "பதிவு இல்லை"`

இது ‘நல்’, ‘அன்டிஃபைன்ட்’ இரண்டுக்கும் மட்டுமே வலப்பக்கம் போகும். பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும்.

பைத்தானிலும் இதே குழி உண்டு. ‘இஃப் பணம்’ என்று எழுதினால் பூஜ்யம், காலி ஸ்ட்ரிங், காலிப் பட்டியல் மூன்றும் ‘நன்’னோடு ஒரே வரிசையில் நின்றுவிடும். ‘இஃப் பணம் இஸ் நாட் நன்’ என்று முழுசாக எழுதுங்கள். மூன்று சொல் கூடுதல்தான், ஆனால் படிக்கிறவருக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பது தெளிவாகத் தெரியும். சமக்குறி வைத்துக் கேட்காமல் ‘இஸ்’ வைத்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பைத்தானில் ‘நன்’ ஒன்றே ஒன்றுதான். சமக்குறியின் அர்த்தத்தை ஒரு கிளாஸ் மாற்றிவிடலாம், ‘இஸ்’ஸின் அர்த்தத்தை மாற்ற முடியாது.

புரோகிராம் வரி சரியாக இருந்தும் குழப்பம் தீரவில்லையா? அப்போது கட்டத்தின் அமைப்பே போதவில்லை. அரிசி கொடுத்தவர், தொகை சொல்லாதவர், எழுத மறந்தவர் மூவரும் ‘நல்’லாகவே இருக்கிறார்கள், அறிக்கையில் அவர்களைப் பிரிக்க வழி இல்லை. பணக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘நிலை’ என்று இன்னொரு கட்டம் வையுங்கள்: வந்தது, சொல்லவில்லை, பொருந்தாது, விசாரிக்க வேண்டும். அந்தக் கட்டம் ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது. சிலர் இதற்குக் குறுக்கு வழியாகப் பணத்தில் -1 என்று போடுவார்கள். மாதக் கடைசியில் மொத்தம் கூட்டும்போது ஒவ்வொரு -1உம் ஒரு வெள்ளியைத் தின்றுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

அறிகுறி: புரோகிராம் பாதியில் நின்று, வெற்று மதிப்பைப் பயன்படுத்தியதாகப் பிழை வருகிறது

ஜாவாவில் ‘நல்பாயின்டர்எக்செப்ஷன்’, பைத்தானில் ‘நன்டைப்’ என்று தொடங்கும் செய்தி, ஜாவாஸ்கிரிப்டில் ‘அன்டிஃபைன்ட்’டின் பண்பைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி. மூன்றும் ஒரே நோய்தான்.

பிழைச் செய்தி காட்டும் வரி, வெற்று மதிப்பு வெடித்த இடம். அது பிறந்த இடம் வேறு. அந்த வரியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்: இந்த மாறிக்கு மதிப்பு கொடுத்தது யார், அவருக்குக் கொடுத்தது யார். ஜாவா 14இல் இதற்கு நல்ல துணை வந்தது. ஒரே வரியில் நான்கு புள்ளி இருந்தாலும் எது ‘நல்’ என்று செய்தியே சொல்லிவிடும். 15இலிருந்து அது தானாகவே இயங்குகிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அந்த வரியை உடைத்து நான்கு வரியாக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பைத்தானில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் சில. ஒரு ஃபங்ஷனில் ஒரு கிளையில் ‘ரிட்டர்ன்’ இருந்து இன்னொரு கிளையில் விட்டுப்போயிருந்தால், அந்தக் கிளை ‘நன்’னைத் தரும். பட்டியலின் ‘சார்ட்’ அதே பட்டியலை அடுக்கிவிட்டு ‘நன்’னைத்தான் திருப்பித் தரும், அதை மாறியில் பிடித்தால் பட்டியல் போய்விடும். ‘ரீ.மேட்ச்’ பொருத்தம் கிடைக்காவிட்டால் ‘நன்’ தரும். டிக்‌ஷனரியின் ‘கெட்’டும் சாவி இல்லாவிட்டால் அப்படியே. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலின் ‘ஃபைன்ட்’ எதுவும் கிடைக்காதபோது ‘அன்டிஃபைன்ட்’ தருகிறது.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிழையைப் பார்த்ததும் எல்லாப் புள்ளிக்கும் முன்னால் கேள்விக்குறி போடுகிறவர்கள் உண்டு:

`நன்கொடையாளர்?.முகவரி?.அஞ்சல்குறி`

புரோகிராம் நிற்காது, உண்மைதான். ஆனால் நன்கொடையாளரே இல்லாத ரசீது ஒன்று சத்தமில்லாமல் அச்சாகிவிடும். முகவரி இல்லாமல் இருப்பது இயல்பு, அங்கே கேள்விக்குறி சரி. நன்கொடையாளர் இல்லாமல் ரசீது இருக்கக்கூடாது, அங்கே புரோகிராம் நின்றுதான் ஆகவேண்டும். ஒவ்வொரு கேள்விக்குறியும் ‘இது இல்லாமல் போகலாம்’ என்று நீங்கள் கையெழுத்துப் போடும் இடம்.

‘நல்’ குறிப்பை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்குள் கொண்டுவந்தவர் டோனி ஹோர். செய்வது சுலபமாக இருந்ததால் சேர்த்தேன் என்று விளக்கி, 2009இல் அவரே அதை நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். அதற்குப் பிறகு பரவிய மொழிகள் பலவும் அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டன. காட்லின், ஸ்விஃப்ட், ரஸ்ட் மூன்றிலும் ஒரு மதிப்பு இல்லாமல் போகலாம் என்றால் அதன் வகையிலேயே எழுத வேண்டும், எழுதாவிட்டால் கம்பைலர் விடாது. டைப்ஸ்கிரிப்டில் இதற்கான கண்டிப்பான சோதனை 2016இல் 2.0 பதிப்போடு வந்தது. சீ ஷார்ப்பில் 2019இல் 8ஆம் பதிப்போடு வந்தது, எச்சரிக்கையாக மட்டும். உங்கள் திட்டத்தில் அது அணைந்திருந்தால் இன்றே போடுங்கள். முதல் நாள் சிவப்புக் கோடாகத்தான் இருக்கும். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் பந்தலில் கூட்டம் நிற்கும்போது வரவேண்டிய பிழை, இப்போதே வந்துவிட்டது.

அறிகுறி: டேட்டாபேஸ் தேடலில் சில பதிவுகள் காணாமல் போகின்றன

இதை ஐந்து பதிவு வைத்துப் பார்ப்போம். நன்கொடை வகைக் கட்டத்தில் இருப்பவை: அரிசி, பணம், பணம், காய்கறி, ஐந்தாவது ‘நல்’.

`வகை = 'அரிசி'` என்று கேட்டால் ஒன்று வருகிறது. சரி. `வகை <> 'அரிசி'` (அரிசி அல்லாதவை) என்று கேட்டால் நான்கு வரவேண்டும் என்று மனசு சொல்கிறது, வருவதோ மூன்று. ஐந்தாவது பதிவு இரண்டு தேடலிலும் இல்லை.

டேட்டாபேஸைக் கேட்கும் மொழியான சீக்யூஎல்லில் பதில் இரண்டல்ல, மூன்று: உண்மை, பொய், தெரியாது. ‘நல்’லோடு எதை ஒப்பிட்டாலும் பதில் ‘தெரியாது’. ‘நல்’லும் ‘நல்’லும் சமமா என்று கேட்டால்கூட அதே பதில்தான். தேடல் ‘உண்மை’ என்று வந்ததை மட்டுமே எடுத்துக் கொடுக்கும். அதனால் வெற்றைத் தேட `= நல்` என்று எழுதினால் ஒரு பதிவும் கிடைக்காது. ‘இஸ் நல்’ என்றே எழுத வேண்டும். ‘அரிசி அல்லாத எல்லாம்’ வேண்டுமென்றால் ‘அல்லது வகை இஸ் நல்’ என்று சேர்த்துக் கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்’ என்று கேட்டால் நான்கும் வந்துவிடும்.

இதன் கொடூரமான வடிவம் ‘நாட் இன்’. ரசீது அனுப்பாதவர்களின் பட்டியல் வேண்டும், அதற்காக ‘ரசீது அனுப்பியவர் எண்களுக்குள் இல்லாதவர்’ என்று கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் எண்களில் ஒன்றே ஒன்று ‘நல்’லாக இருந்தால் போதும், பதில் முழுக்கக் காலி. எல்லாருக்கும் ரசீது போய்விட்டது என்று நினைத்துக் குழு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ வைத்து எழுதினால் இந்தச் சிக்கல் கிடையாது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால்தான் இதை எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்று கருதுகிறேன்.

அறிகுறி: சராசரி ஒத்துப்போகவில்லை

நான்கு பதிவு: 100, 50, 0, ‘நல்’. சீக்யூஎல்லின் சராசரி 50 வெள்ளி என்று சொல்லும், ‘நல்’லை விட்டுவிட்டு மூன்றால் வகுக்கும். கையால் நான்கால் வகுத்தவருக்கு 37.50 வரும். இரண்டில் எது சரி என்பது அந்த ‘நல்’ என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டத்தின் பெயரைச் சொல்லி எண்ணினால் 3, நட்சத்திரக் குறி போட்டு எண்ணினால் 4. இன்னொன்று: ஒரு பதிவும் பொருந்தாதபோது கூட்டுத்தொகை பூஜ்யமாக வராது, ‘நல்’லாக வரும். மொத்தம் காட்டும் இடத்தில் ‘கோலெஸ்’ (‘நல்’லுக்குப் பதில் வேறு மதிப்பு தருவது) வைத்துப் பூஜ்யமாக்குங்கள். உள்ளே இருக்கும் கட்டங்களில் அதைச் செய்யாதீர்கள், சராசரி கெட்டுவிடும்.

அறிகுறி: எக்செலிலிருந்து ஏற்றியதும் அஞ்சல் குறியீடும் ஐசி நம்பரும் சிதைகின்றன

பினாங்கு ஆட்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது தெரியாது. ஜார்ஜ்டவுன் 10இல் தொடங்கும், பட்டர்வொர்த் 12இல் தொடங்கும். கெடாவிலிருந்து வருபவர்களைப் பாருங்கள்: சுங்கை பட்டாணி 08000, கூலிம் 09000. எண்ணாகப் படித்தால் 8000, 9000 ஆகிவிடும். அதே பத்தியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், பைத்தானின் பாண்டாஸ் என்ற நூலகம் முழுப் பத்தியையும் தசமமாக்கி 8000.0 என்று வைக்கும், ஏனென்றால் வெற்றைக் குறிக்க அது வழக்கமாகப் பயன்படுத்தும் ‘நேன்’ ஒரு தசம மதிப்பு. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி நம்பரும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது, அதற்கும் இதே கதி.

அஞ்சல் குறியீடு, ஐசி, கைப்பேசி மூன்றையும் ஏற்றும்போதே ஸ்ட்ரிங் என்று அறிவியுங்கள். கூட்டல் கழித்தல் செய்யாத எதுவும் எண்ணல்ல.

பாண்டாஸ் இன்னொரு வேலையும் செய்யும். கட்டத்தில் ‘என்ஏ’, ‘நல்’ என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் தானாகவே வெற்றாக்கிவிடும். நம் ஆட்கள் எழுதும் கோடு (-), ‘தியாடா’ (மலாயில் இல்லை), ‘இல்லை’ ஆகியவற்றை அப்படியே விட்டுவிடும். இயல்பான பட்டியலை அணைத்துவிட்டு, எதையெல்லாம் வெற்றாக எடுப்பது என்று உங்கள் பட்டியலை நீங்களே கொடுங்கள். இந்தச் சுத்தம் நுழைவாயிலில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். உள்ளே வந்தபிறகு வெற்றுக்கு ஒரே ஒரு வடிவம்தான்.

அறிகுறி: ரசீது தேதி 1970 ஜனவரி 1, காலை 7:30

ஜாவாஸ்கிரிப்டில் ‘நல்’லைத் தேதியாக்கினால் அது பூஜ்யமாகி, 1970 ஜனவரி 1 நள்ளிரவு உலக நேரத்தில் போய் நிற்கும். கணினியின் நேரம் கோலாலம்பூருக்கு அமைந்திருந்தால் காலை 8 மணி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள், வருவது 7:30. அது பிழையல்ல. தீபகற்ப மலேசியாவின் நேரம் அன்றைக்கு உலக நேரத்தைவிட ஏழரை மணிதான் முன்னால் இருந்தது, எட்டாக மாறியது 1982 ஜனவரி 1இல். ஆகவே 7:30ஐப் பார்த்ததும் நேர மண்டலத்தைத் தோண்டாதீர்கள். தேதிக் கட்டம் ‘நல்’லாக வந்திருக்கிறது, அதைத் தேடுங்கள். 0001 ஜனவரி 1 என்று வந்தால் கோ மொழியிலோ டாட்நெட்டிலோ நிரப்பாமல் விட்ட தேதி. எக்செலில் 1900 ஜனவரி 0 என்றால் கட்டத்தில் இருப்பது பூஜ்யம்.

அறிகுறி: பெயரை மட்டும் திருத்தினேன், கைப்பேசி நம்பர் அழிந்துவிட்டது

ஆப்பிலிருந்து சர்வருக்குப் போகும் ஜேசனில் (சாவியும் மதிப்புமாகத் தகவலை எழுதும் வடிவம்) சாவியே இல்லாமல் இருப்பதும், சாவி இருந்து மதிப்பு ‘நல்’லாக இருப்பதும் இரண்டு வேறு செய்திகள். 2014இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தர ஆவணம் இதை வரையறுத்திருக்கிறது: சாவி இல்லையென்றால் தொடாதே, ‘நல்’ என்றால் நீக்கு. சர்வர் இரண்டையும் ஒன்றாகப் படித்தால் நம்பர் அழியும். ஜாவாஸ்கிரிப்டில் ‘அன்டிஃபைன்ட்’ மதிப்புள்ள சாவி ஜேசனாக மாறும்போது தானாகவே உதிர்ந்துவிடும், ‘நல்’ உதிராது. ஆப் பக்கம் எது போகிறது என்று முதலில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் சர்வரில் சாவி இருக்கிறதா என்ற கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்.

அறிகுறி: ஐசி இல்லாத ஒருவரே இரண்டு தடவை பதிவாகிறார், அல்லது இரண்டாம் ஆள் பதியவே முடியவில்லை

தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் பந்தலுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் ஐசி கிடையாது, பாஸ்போர்ட்தான். ஐசி கட்டம் ‘நல்’லாக இருக்கும். ஒரு நம்பர் ஒரு தடவைதான் என்று நீங்கள் போட்ட கட்டுப்பாடு போஸ்ட்கிரெஸிலும் மைசீக்யூஎல்லிலும் எத்தனை ‘நல்’லையும் விட்டுவிடும். மைக்ரோசாஃப்ட் சீக்யூஎல் சர்வர் ஒன்றுக்கு மேல் விடாது. போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து ‘நல்’களையும் ஒன்றாக எண்ணும்படி கேட்கலாம், ஆனால் நமக்கு இங்கே அது வேண்டாம், இரண்டாவது தொழிலாளியைத் தடுத்துவிடும்.

ஐசி கட்டாயம் என்று ஃபார்மில் அடம்பிடித்தால் மேசையில் இருப்பவர் பன்னிரண்டு பூஜ்யம் அடித்துவிட்டுப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அடையாள ஆவணத்தின் வகை, அதன் நம்பர் என்று இரண்டு கட்டமாக மாற்றி, இரண்டையும் கட்டாயமாக்குங்கள். ஒரே வகையில் ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது என்று கட்டுப்பாட்டை இரண்டின் மேலும் சேர்த்துப் போடுங்கள். பாஸ்போர்ட் என்றால் கொடுத்த நாட்டையும் சேர்க்க வேண்டும். ஆவணம் காட்ட விரும்பாதவருக்கு ‘காட்டவில்லை’ என்று ஒரு வகை வையுங்கள், அந்த வகைக்கு மட்டும் நம்பர் ‘நல்’லாக இருக்கலாம் என்று டேட்டாபேஸின் ‘செக்’ விதியில் எழுதிவிடலாம். பழைய பதிவுகளில் உள்ள பன்னிரண்டு பூஜ்யங்களை இந்த வகைக்கு மாற்றிய பிறகே கட்டுப்பாட்டையும் விதியையும் போடுங்கள், முன்னால் போட்டால் டேட்டாபேஸ் மறுத்துவிடும்.